திரையில் இல்லாத வள்ளம்

என் பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. சிங்கப்பூரில் தபாலில் போட்டு முப்பத்தைந்து நாள் ஆகியிருக்கிறது. கொழும்பில் யார் வீட்டிலோ தங்கி, வவுனியாவில் யாருடைய பையிலோ நசுங்கி, கிளாலிக் கடலைத் தாண்டி உடுப்பிட்டிக்கு வந்தபோது உறையில் பாதி இல்லை. நாங்கள் சுகமா என்று கேட்டிருக்கிறாய். அம்மாவுக்கு முழங்கால், எனக்குப் பிரஷர், மாட்டுக்கு வயிறு. மற்றபடி எல்லோரும் சுகம். எழுதுகிற பேப்பர் கடையில் இல்லை என்பதால் அம்மா படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக் கொப்பிகளில் மிஞ்சிய ஒற்றைகளைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். இத்தனை ஒற்றை எதற்கு என்று கேட்டாள். பிள்ளைக்கு ஒரு விஷயம் எழுத வேண்டும் என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. இது நீண்ட கடிதம். வேலை இல்லாத நேரமாகப் பார்த்து இருந்து வாசி.

உன் கடிதத்தில் இரண்டு விஷயம் இருந்தன. ஒன்று, அடுத்த பயணத்தில் உன்னைத் தனியே வாட்ச் நிற்க, கப்பலை உன் காவலில் ஓட்ட விடப் போகிறார்கள் என்பது. அதை வாசித்ததும் அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக நேர்ந்துகொண்டாள். புது ராடாரைப் பற்றியும் எழுதியிருந்தாய். முகத்தை உள்ளே விட்டுப் பார்க்கிற றப்பர்க் கூடு அதற்கு இல்லை, பகல் வெளிச்சத்திலும் படம் தெரியும், கடல் அலையால் வருகிற அழுக்கை அதுவே துடைத்துவிடும், ‘படம் கண்ணாடி மாதிரிச் சுத்தம் அப்பா’ என்று. இரண்டாவது, நம் வீட்டுக் கதையை உன் கப்டனுக்குச் சொன்னாய் என்பது. மழைக்குள் கண் தெரியாத நேரத்தில் உன் அப்பா ராடாரில் ஒரு சின்ன வள்ளத்தைக் கண்டுபிடித்து இரண்டு உயிரைக் காப்பாற்றிய கதை. நேர்முகத் தேர்வில் ஏன் கடலுக்கு வர விரும்புகிறாய் என்று கேட்டபோதும் நீ அதைத்தான் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கு நான் உரக்க வாசித்துக்கொண்டிருந்தவன், அந்த இடத்தில் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க வேண்டும் என்று சொல்லி நிறுத்திவிட்டேன். அந்தக் கதை பொய், தம்பி. அதைத்தான் இந்த ஒற்றைகளில் எழுதப் போகிறேன்.

முதலில் எண்பத்து மூன்றாம் ஆண்டுச் சித்திரை விடுமுறையை நினைத்துப் பார். உனக்கு ஒன்பது வயது. நான் கப்பலால் லீவில் வந்து நின்றேன். உன்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு மயிலிட்டித் துறைக்குப் போவேன். அங்கே அந்தோனி என்றொரு கடற்தொழிலாளி எனக்குச் சிநேகிதம். உனக்கு நண்டுக் கால் உடைத்துத் தந்தவர் என்றால் நினைவு வரும். ஒருநாள் அவர், வெளிக்கடலில் ஒரு பெரிய கப்பல் தன் வள்ளத்தை உரசுகிற மாதிரிப் போனதாகச் சொல்லிக் கையால் தூரத்தைக் காட்டினார். உங்கள் வள்ளம் மரம், ராடார் அனுப்புகிற அலை மரத்தில் பட்டால் சரியாகத் திரும்பி வராது, தகரத்தில் பட்டால் வரும் என்று நான் விளக்கினேன். விளக்கியதோடு விடவில்லை. ஒரு பிஸ்கற் பெட்டியை வெட்டி, தகடுகளை மூலை மூலையாக ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கும்படி ஆணி அடித்து, ஒரு கூடு செய்து, மூங்கில் நுனியில் கட்டிக் கொடுத்தேன். ஒரு மாதத்துக்குள் துறையில் பத்துப் பன்னிரண்டு வள்ளங்களில் அந்தக் கூடு ஏறிவிட்டது. மாதா கோயில் பெருநாளில் கூட ஒரு கூட்டைத் தேரில் கட்டினார்கள் என்று அந்தோனி சொல்லிச் சிரித்தார். எனக்குத் தலை கொஞ்சம் கனத்தது. உன் தகப்பனுக்குப் புகழ் என்றால் சும்மாவே பிடிக்கும்.

அந்த வருடம் ஆடி மாதத்தில் தெற்கில் தமிழருக்கு நடந்ததற்குப் பிறகு நான் கப்பலுக்குத் திரும்பவில்லை. கொழும்பைத் தாண்டிப் போக அம்மா விடவில்லை, எனக்கும் மனம் வரவில்லை. ரியூட்டரியில் கணக்குப் படிப்பித்தேன். அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ அந்தோனி வீட்டுக்கு வந்தார். மீன் கொண்டு வரவில்லை. வெறுங்கையோடு வந்து படலையடியில் நின்றார்.

“ஐயா, உந்தத் தகரக் கூடு நேவிக்காரனுக்கும் தெரியுமோ?”

“ஓம். ராடார் வைச்சிருக்கிற எல்லாருக்கும் தெரியும்.”

“அப்ப என்ன செய்யிறது?”

“கழட்டிப்போடும் அந்தோனி. எல்லாரையும் கழட்டச் சொல்லும்.”

“தெரியாட்டில் கப்பல் ஏறும். தெரிஞ்சால் சுடுவாங்கள். நல்ல சீவியம்,” என்றார். தேத்தண்ணீர் குடிக்காமலே போய்விட்டார். எங்கள் கரையில் எல்லா வள்ளமும் தகரத்தைக் கழற்றியது அப்படித்தான். கட்டச் சொன்னவனும் நான், கழற்றச் சொன்னவனும் நான். இதை நீ மனதில் வைத்துக்கொள், ஏனென்றால் வைத்திருக்க வேண்டிய நேரத்தில் நான் வைத்திருக்கவில்லை.

தொண்ணூறில் மயிலிட்டிச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்தது. அந்தோனி குடும்பத்தோடு பருத்தித்துறைக் கரைக்கு வந்து ஒரு சொந்தக்காரரின் வளவில் கொட்டில் போட்டார். பாதை மூடியிருந்ததால் அரிசியும் மாவும் திருகோணமலையிலிருந்து கப்பலில் பருத்தித்துறைக்கு வரத் தொடங்கின. அடுத்த வருடம் அந்தக் கப்பல்களில் ஒன்றுக்கு வடக்குக் கரை தெரிந்த ஒரு ஒபிசர் தேவைப்பட்டது. எட்டு வருடம் கரையில் இருந்தவன் நான்; ஆனாலும் கேட்டதும் ஓம் என்றேன். அம்மாவிடம், வீட்டுக்குச் சாமான் வரும் என்று சொன்னேன். உண்மையில் கணக்குப் படிப்பித்து அலுத்துப்போய் இருந்தேன்.

கப்பலில் இருந்த ராடார் என்னைப் போலப் பழையது. வட்டத் திரை, மேலே கறுத்த றப்பர்க் கூடு. அதற்குள் முகத்தைப் புதைத்தால் வெளியே உலகம் இல்லை. ஒரு கோடு சுற்றிச் சுற்றி வரும், பட்ட இடமெல்லாம் பச்சையாய் மினுங்கி மங்கும். பக்கத்தில் குமிழ்கள். ஒன்று படத்தைக் கூட்டுவது, ஒன்று கடல் அலையின் அழுக்கைக் குறைப்பது, ஒன்று மழையின் அழுக்கைக் குறைப்பது. உனக்கு இதெல்லாம் பாடமாக இருக்கும். இருந்தாலும் சொல்கிறேன். அலை எழும்பினால் திரையின் நடுவில், கப்பலைச் சுற்றி, ஒரே வெள்ளை. அந்த வெள்ளைக்குள்தான் சின்ன வள்ளமும் இருக்கும். கடல் குமிழைத் திருப்பினால் வெள்ளை குறையும். கூடத் திருப்பினால் வள்ளமும் சேர்ந்து போகும். அம்மா அரிசி புடைக்கும்போது நீ பார்த்திருப்பாய். சுளகை மெதுவாகத் தட்டினால் உமி மட்டும் பறக்கும். அவசரக்காரி புடைத்தால் குறுணியும் முற்றத்தில். ஆகவே கொஞ்சம் அழுக்கு இருக்கட்டும் என்று விடுகிறவன்தான் ராடார் பார்க்கத் தெரிந்தவன். இதை நான் இளம் ஒபிசராக இருந்தபோதே படித்தேன். படித்தது எல்லாம் வேலைக்கு உதவும் என்றால் உலகத்தில் கப்பல் ஒன்றும் மோதாது.

அன்று கார்த்திகை மாதம், பின்னேரம் இரண்டரை மணி இருக்கும். என்னுடைய வாட்ச். பருத்தித்துறைக்கு வெளியே நங்கூரம் போடுகிற இடத்தை நோக்கி வந்துகொண்டிருந்தோம். வாடைக்காற்றில் கொந்தளித்த கடல், அதற்கு மேல் மழை வந்து மூடியது. கப்பலின் முன்நுனி கூடத் தெரியவில்லை. கப்டன் ஓய்வு பெற ஆறு மாதம் இருந்த மனிதர். கல் நிறைந்த அந்தக் கரை அவருக்குப் பயம். ராடாருக்குள் எட்டிப் பார்த்தவர், இது என்ன பால்மாவைக் கொட்டின மாதிரி இருக்கிறது, எனக்குக் கரை தெரிய வேண்டும், உனக்கு இது கையாளத் தெரியுமா தெரியாதா என்று ஆங்கிலத்தில் எரிந்து விழுந்தார். சுக்கான் பிடித்தவனும் கேட்டுக்கொண்டு நின்றான். எட்டு வருடம் கரையில் இருந்து துருப்பிடித்துப் போனான் என்று நினைக்கப் போகிறார்கள் என்று எனக்கு ரோசம் வந்தது. கடல் குமிழைத் திருப்பினேன், மழைக் குமிழைத் திருப்பினேன், இன்னும் திருப்பினேன். திரை கறுத்துத் துப்பரவாகியது. கரை கோடு இழுத்த மாதிரித் தெரிந்தது. கப்டன் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார். பொய் சொல்லக் கூடாது, அந்தத் தட்டு எனக்கு இனித்தது.

முன்நுனியில் மீரான் நின்றார். திருகோணமலைப் பக்கத்துக் கிண்ணியாக்காரர், ஐம்பது வயது தாண்டிய மாலுமி. கொட்டுகிற மழையில் ஒரு எண்ணெய்ச் சட்டையோடு நின்று முன்னால் பார்ப்பது அவருடைய வேலை. எதையாவது கண்டால் அங்கே தொங்குகிற மணியை அடிக்க வேண்டும். வலப்பக்கம் என்றால் ஒன்று, இடப்பக்கம் என்றால் இரண்டு, நேர் முன்னால் என்றால் மூன்று. அவர் மூன்று அடித்தார். கப்டன் என்னைப் பார்த்தார். நான் முகத்தைக் கூட்டுக்குள் விட்டுப் பார்த்தேன். கறுப்புத்தான். “திரையில் ஒன்றுமில்லை சேர்” என்றேன். மீரான் திரும்பவும் மூன்று அடித்தார். நான் திரும்பவும் ஒன்றுமில்லை என்றேன். இரண்டாம் முறை சொல்லும்போது எனக்கு அவர் மேல் எரிச்சல் வந்ததை நீ அறிய வேண்டும். மழையைக் கண்டு மிரளுகிறார் என்று நினைத்தேன். இந்தக் கரையில் ஒரு வள்ளத்திலும் தகரம் இல்லை, கழற்றச் சொன்னவனே நான்தான் என்பது ஒரு கணம் கூட நினைவில் வரவில்லை. அதற்குப் பிறகு அவர் எண்ணி அடிப்பதை விட்டுவிட்டார். மணி நிற்காமல் அடித்தது. மழைக்குள்ளால் “வள்ளம், வள்ளம்” என்று அவருடைய குரல் கேட்டது. கப்டன் என்னைக் கேட்காமல் சுக்கானை முழுக்கத் திருப்பச் சொல்லி இயந்திரத்தை நிறுத்தினார்.

வள்ளம் கப்பலின் நுனிக்குத் தப்பியது, பக்கத்துக்குத் தப்பவில்லை. ஓடி வெளியே வந்து பார்த்தபோது வள்ளம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் கிடைக்காத காலம். துடுப்பால் வலித்து எங்களிடமிருந்து விலகப் பார்த்திருக்கிறார்கள். தண்ணீரில் இரண்டு தலை. ஒன்று அந்தோனி, மற்றது அவருடைய மச்சான். மீரான்தான் மிதவையை எறிந்தார், கயிற்று ஏணியில் அரைவாசி இறங்கி அவர்களை இழுத்ததும் அவர்தான். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரும் பார்ப்பதற்கு முன் உள்ளே போய்க் குமிழ்களைப் பழைய இடத்துக்குத் திருப்பி வைத்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

மழை விட்டதும் அரிசி இறக்குவதற்குக் கரையிலிருந்து வத்தைத் தோணிகள் வந்தன. போர்வையைப் போர்த்திக்கொண்டு இருந்த அந்தோனியைக் கண்டு, வத்தைக்காரர்கள் என்ன நடந்தது என்று கீழே இருந்து கேட்டார்கள். “நான் ராடாரிலை பாத்துக்கொண்டுதான் நிண்டனான்” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஒரு எழுத்துக் கூடப் பொய் இல்லை. மிச்சத்தை அவர்கள் கட்டினார்கள். நான் அனுமதி எடுத்து இறங்கி உடுப்பிட்டிக்கு வருவதற்குள் கதை எனக்கு முன்னால் சைக்கிள் ஓடி வந்துவிட்டது. சந்தியில் ஒருவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினார். அம்மா படலையில் நின்று அழுதாள். நீ வந்து என்னைக் கட்டிப் பிடித்தாய். மீசை முளைத்த பிறகு நீ என்னைக் கட்டிப் பிடித்தது அன்றுதான். அந்த நேரத்தில் எப்படியடா நான் உண்மையைச் சொல்லுவேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள்; உன் அப்பாவின் புளுகு நாலு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

மீரான் அன்று கரைக்கு இறங்கவில்லை. வடக்கிலிருந்த முஸ்லிம் சனத்தை உடுத்த துணியோடு வெளியேறச் சொல்லி ஒரு வருடம் ஆகியிருந்தது. முஸ்லிமான அவர் எங்கள் கரையில் கால் வைக்க முடியாது. அவர் பெயரைச் சொன்னால் யாருக்கும் சங்கடம் என்று எனக்கு நானே ஒரு நியாயம் செய்துகொண்டேன். சங்கடம் எனக்கு மட்டும்தான் இருந்திருக்கும். கப்பலுக்குத் திரும்பியபோது அந்தோனியின் வீட்டார் கொடுத்துவிட்ட புட்டும் மீன் குழம்பும் கையில் இருந்தன. மீரானுக்கு ஒரு கோப்பையில் போட்டுக் கொடுத்தேன். அவர் சாப்பிட்டார். வத்தைக்காரர்கள் கதைத்தது அவர் காதிலும் விழுந்திருந்தது.

“கதையை நீங்களே வெச்சிக்கோங்க சேர்,” என்றார். “அந்தப் பெட்டிக்குள்ள தலையை விடுறதைக் கொஞ்சம் குறைங்க. மணி அடிச்சா நிமிர்ந்து பாருங்க.”

அவர் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். அந்தக் கப்பலில் இன்னும் ஒரு வருடம் நான் வேலை செய்தேன், அவரும் செய்தார். இதைப் பற்றி இருவரும் பிறகு கதைக்கவே இல்லை.

கப்பல்காரர் அந்தோனியின் வள்ளத்துக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. நான் கேட்டிருக்கலாம். கேட்டால் விசாரணை வரும், விசாரணை வந்தால் குமிழ் எந்த அளவில் நின்றது என்று கேட்பார்கள். ஆகவே கேட்கவில்லை. சொந்த வள்ளத்தில் போன மனிதர் அன்றிலிருந்து மற்றவர்களின் வள்ளத்தில் கூலிக்குப் போகிறார். பெருநாளுக்குப் பெருநாள் அவர் எங்கள் வீட்டுக்கு மீன் கொடுத்துவிடுவார், நாங்களும் வாங்கிச் சாப்பிட்டோம். அம்மா பெருமையாகச் சமைப்பாள். அந்த நாட்களில் எனக்கு வயிறு சரியில்லை என்று நான் சொன்னது உனக்கு நினைவிருக்கலாம்.

உன் கடிதம் வந்த மூன்றாம் நாள் பருத்தித்துறைக்குப் போனேன். அந்தோனி கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்துகொண்டு, குமிழைத் திருப்பியதிலிருந்து மணி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை.

“தெரியும் ஐயா.”

“என்ன தெரியும்?”

“தண்ணிக்குள்ளை கிடந்து அண்ணாந்து பாத்தனான். வாயிலை கையை வைச்சுக் கத்தினது நீங்களில்லை. ஏணியிலை இறங்கினதும் நீங்களில்லை.”

“பிறகேன் நீர் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?”

“நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்.”

நான் வள்ளத்தைப் பற்றி ஏதோ தொடங்கினேன். போனது போனதுதானே, அதைப் பிறகு கதைப்பம் என்று சொல்லிவிட்டு, அவர் வலையைக் கீழே வைத்தார்.

“அந்த மனிசன்ரை பேர் என்ன ஐயா? ஒவ்வொரு சனிக்கிழமையும் மாதாவுக்கு முன்னாலை ஒரு மெழுகுதிரி கொளுத்திறன். பேர் தெரியாமல், மணி அடிச்ச மனிசன் எண்டுதான் சொல்லி மன்றாடுறது.”

சொன்னேன். அவர் இரண்டு தரம் தனக்குள் சொல்லிப் பார்த்தார். எனக்கு வெட்கத்தில் எழும்பிப் போக வேண்டும் போல இருந்தது, எழும்பவும் முடியவில்லை. ஒரு பெயர். நாலு வருடமாக என் வாயில் இருந்தது.

இந்த ஒற்றைகளை நேற்று அம்மாவிடம் கொடுத்தேன். பள்ளிக்கூடப் பிள்ளையின் கட்டுரையைப் போலப் பேனையோடு இருந்து வாசித்தாள். முடிந்ததும் பேனையை மூடி வைத்தாள். பிறகு, “அனுப்புங்கோ. கோயிலிலை நான் சொல்லித் திரிஞ்ச ஆக்களுக்கு ஆர் போய்ச் சொல்லுறது?” என்றாள். நான்தான் போக வேண்டும் என்றேன். “ஓம், நீங்கள்தான்” என்றாள். இரவுச் சாப்பாட்டை வழமை போல் போட்டுத் தந்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் ஆற எத்தனை நாள் எடுக்குமோ தெரியாது. அந்தோனிக்கு வள்ளம் கட்ட வளவிலுள்ள வேப்பமரம் இரண்டைத் தறிக்கலாமா என்று வள்ள வேலை செய்கிற ஓடாவி ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். வேம்பு கடலுக்கு உதவாது என்று சிரித்தார், வேறு மரம் தேட வேண்டும்.

உனக்கு இனிக் கடல் பிடிக்காமல் போகலாம். நீ நம்பிப் புறப்பட்டது நடக்காத ஒன்றை. இறங்கி வந்துவிடுகிறேன் என்று எழுதினால் நான் ஏன் என்று கேட்கமாட்டேன். அந்த உரிமை எனக்கு இல்லை. என்னோடு கதைக்காமல் இருந்தாலும் பொறுத்துக்கொள்வேன், அம்மாவுக்கு மட்டும் இரண்டு வரி போடு. ஆனால் வாட்ச் எடுப்பதென்று முடிவு செய்தால், திரை அழகாக இருக்கிறதே என்று ஒருநாளும் சந்தோசப்படாதே. குமிழைத் திருப்பினால் திரும்பவும் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன காணாமல் போனது என்று பார். முன்னால் நிற்கிறவன் கண்டேன் என்றால், உன் பெட்டி என்ன சொன்னாலும், முதலில் வேகத்தைக் குறை. அவன் பிழையாகக் கண்டிருந்தால் ஐந்து நிமிடம்தான் நட்டம். நாளைக்குக் கலியாணம் கட்டினாலும் இதையே செய். அம்மா கண்டேன் என்று சொன்னதை நான் இல்லை என்று சொன்ன கணக்கை எழுத இந்தக் கொப்பி காணாது.

இன்னும் ஒன்று. உன் கப்டனிடம் போ. நேர்முகத்தில் கேட்டவர்களின் விலாசம் இருந்தால் அவர்களுக்கும் எழுது. அந்தக் கதையைத் திருத்திச் சொல். வள்ளத்தைக் கண்டதும், மணி அடித்ததும், ஏணியில் இறங்கியதும் மீரான் என்கிற கிண்ணியாக்காரர். திரையில் ஒன்றுமில்லை என்று இரண்டு தரம் சொன்னவன் உன் அப்பா.